ஊசி இல்லாத காலை

என் செல்லக்குட்டிக்கு,

நேற்று நீ போனில், "அம்மா, ஊசியை நிறுத்திட்டாங்க! என் உடம்பே இன்சுலின் சுரக்குதாம்!" என்று கத்தினாய். ஸ்டெம் செல்லிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்து உனக்குள் வைத்த செல்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. நான் போனைக் கையில் பிடித்தபடியே அப்பாவிடம் ஓடினேன். அப்பாதான் போனை வாங்கிப் பேசினார்.

முதல் ஊசி நினைவிருக்கிறதா? உனக்கு ஆறு வயது. நான் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து, "பயமா இருந்தா நீ கண்ணை மூடிட்டுப் போட்டுடும்மா" என்றாய். அழவந்தவள் சிரித்துவிட்டேன். அப்புறம் தினமும் காலையில் தூக்கக் கலக்கத்திலேயே சட்டையைத் தூக்கிக் காட்டுவாய். "நேத்து இந்தப் பக்கம், இன்னிக்கு அந்தப் பக்கம்." ஊசி போட்டதும் என் மடியிலேயே இன்னொரு குட்டித் தூக்கம். அடுப்பில் இட்லி வேகும்வரை உன்னை எழுப்ப எனக்கு மனசே வராது.

நீ இங்கே வரும்போது போட்டுக்கொள்ள வாங்கி வைத்த மருந்தைத் தூக்கிப் போடச் சொன்னாய். இன்னும் தூக்கிப் போடவில்லை. ஃபிரிட்ஜில் ஓரமாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

இத்தனை வருஷமாக "என்ன சாப்பிட்டே?" என்று நான் கேட்டதெல்லாம் சர்க்கரைக்குக் கணக்குப் பார்க்கத்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அதையேதான் கேட்பேன். ருசியாக இருந்ததா என்று மட்டும் சொல், போதும்.

உன்
அம்மா