பெண் வீட்டார் தேத்தண்ணி குடித்த கோப்பைகள்

நோர்வூட்
2.2.2004

என் அன்பு மகன் தவசீலனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் இரண்டு ஆடுகளும் மாரியம்மா புண்ணியத்தில் சுகம், நீயும் அந்த ஜப்பான் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே பயந்துவிடுவாய். நல்லதண்ணி ஊர்ப் பெண் லோஜினி வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குள் உன்னால் எனக்குப் போன உயிர் இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மா பாக்கியமும் தாய்மாமன் சின்னராசாவும் நம் லயத்து வீட்டுக்கு வந்தார்கள், பெண்ணின் அப்பாவுக்குக் காலையிலேயே போதை ஏறிவிட்டதாம், விட்டுவிட்டு வந்தார்கள். வீடு இருக்கா காணி இருக்கா என்று ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது, பாக்கியம் கேட்டது அது ஒன்றுதான். என் மகன் சாராய வாடை வருகிற பக்கம்கூடத் திரும்பமாட்டான் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு, அதே கையால் போய் நீ அனுப்பின சின்னக் கோப்பைகளை அலுமாரியிலிருந்து எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். கொக்குப் படம் கையால் வரைந்தது, ஒரு கொக்கு மாதிரி இன்னொரு கொக்கு இருக்காது, நூறு வருசப் பழசு என்றெல்லாம் நீ எழுதினாயே, அந்தப் பெருமைதான். பழசுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு என்றால் உன் அப்பாவையும் பொதி கட்டி அனுப்புகிறேன். ஒரு கோப்பைக்கு ஒரு மடக்குத்தான் பிடித்தது, நான் கேத்தலோடு சுற்றிச் சுற்றி வந்தேன். சின்னராசா நுவரெலியா ஓட்டலில் ஜப்பான்காரர்களுக்குப் பரிமாறுகிறவர், கோப்பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பாக்கியத்திடம், அக்கா, இது அவங்க சாராயம் ஊத்திக் குடிக்கிறதாச்சே என்றார், பிறகு எங்களைப் பார்த்து, மாப்பிள்ளைக்கிட்ட எத்தன இருக்கு என்று கேட்டார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இருபத்திரண்டு இருக்குங்க, இன்னும் வாங்கிக்கிட்டுத்தான் இருக்கான் என்கிறார்! எனக்குக் கேத்தலை அந்த மனுசன் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது.

பாக்கியம் எழுந்துவிட்டாள், போகத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன், அலுமாரிக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, அட போடா, எங்க வீட்ல அந்த மனுசன் ஒடைக்காத கோப்பன்னு ஒண்ணு இருக்கா? குடிக்கிறவன் கையில இத்தன பழசு ஒரு சில்லுகூடப் போகாம இருக்குமா என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்து, ஊத்துங்க சம்பந்தி என்று கொக்குக் கோப்பையை நீட்டினாள்.

இனிமேல் எதை வாங்கி அனுப்பினாலும் அது எதற்கு என்று முதலில் எழுது. ராத்திரியில் சோற்றைச் சூடாகச் சாப்பிடு, கோப்பை தேடிச் சந்தை சந்தையாக அலைந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

நீ எல்லா நலமும் பெற்று நல்லபடியாக வந்து சேர அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, லோஜினி ஒன்று கேட்டுவரச் சொன்னாளாம், வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவாரா என்று. மறுபடியும் சத்தியம் பண்ண வாயைத் திறந்தேன், பாக்கியம் என் கையைப் பிடித்து, நீங்க சொல்லாதீங்க, அவரே எழுதட்டும் என்று சொல்லிவிட்டாள். லோஜினியின் விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா
வீ. நாகலெட்சுமி