ஓடிக்கொண்டிருந்ததன் மேல் எழுதினேன்

இன்று காலை அலுவலகச் சர்வரில் ஒரு லைப்ரரி கோப்பை மாற்ற உட்கார்ந்தேன். காப்பி கட்டளையை அடித்துவிட்டேன். என்டரைத் தட்டப்போன விரல் அப்படியே நின்றுவிட்டது. உன் குரல்தான். "ஏட்டி, ஓடுறதுக்க மேல எழுதாத. புதுச பக்கத்துல வச்சிட்டுப் பேர மட்டும் மாத்து."

மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் நம் இருவருக்கும் அப்போது ஒரே அறை. டோக்கன், லேப், மருந்துக்கடை என்று எல்லா நிரல்களும் அந்த ஒரே லைப்ரரி கோப்பைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தன. புதியதற்குப் பழையதன் பெயரை மாற்றி வைத்தால், ஓடுகிறவை பழையதையே பிடித்துக்கொண்டு ஓடும். பிறகு ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்கினால் புதியதை எடுத்துக்கொள்ளும். அதே கோப்பின் மேல் எழுதினாலோ, நிற்கிறவனின் காலடி மண்ணை வாரியது போலத்தான். பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாய். "செரிட்டி, செரிட்டி" என்று நான் சிரிப்பேன்.

அன்று நீ சாப்பிடப் போயிருந்தாய். வருவதற்குள் முடித்துப் பீற்றிக்கொள்ள வேண்டும் எனக்கு. வழக்கம்போல உன் பெயரில்தான் சர்வருக்குள் நுழைந்தேன். நேராக மேலேயே காப்பி செய்தேன். டோக்கன் நிரல் முடங்கி விழுந்தது, லேப் விழுந்தது. வெளியே நோயாளிகள் சத்தம் போட்டார்கள். நீ பாதிச் சோற்றில் ஓடிவந்து, பழைய பிரதியை வைத்து எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் எழுப்பினாய்.

மேலாளர் வந்தார். "யாரு செய்தது? உள்ள நுழஞ்சது ஒனக்க பேருல்லா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தாய். தூ, நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானாக்கும் சார்" என்றாய்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள். உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், வெட்கம் கெட்டவள். அதன் பிறகு உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எனக்க மோளு ஒன்ன மறக்கவே இல்ல மக்கா. அண்ணைக்கு ஆஸ்பத்திரியில அவ கெடுத்தத நீயாக்கும் சரியாக்கினதுன்னு சொல்லிட்டே இருப்பா."

வாயைத் திறந்தேன். "ஆமா அம்மா" என்றுதான் வந்தது.

முதல் தடவை உன் கண்ணெதிரே சும்மா இருந்தேன். இந்தத் தடவை நீ சவப்பெட்டியில் கிடக்க, வாய் திறந்தே பொய் சொன்னேன், ஏட்டி.