மிஸ்ஸிங் நின்றுவிட்டதாம்

அன்பில் குறைவில்லாத, பொறுமையில் மிச்சமில்லாத உங்கள் மனைவி எழுதுவது.

இங்கே நானும் பிள்ளைகளும் நலம். நீங்கள் நலமா என்று உங்களைக் கேட்டால் உண்மை வராது. அதனால் உங்கள் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் தம்பியைக் கேட்டேன். அவர்மேல் கோபப்படாதீர்கள், நான்தான் அவர் வாயைக் கிளறினேன்.

ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டீர்களாமே? ஏன் என்று தம்பி கேட்டதற்கு, “இன்ஜின்ல மிஸ்ஸிங் நின்னுடுச்சு, இனிமே எதுக்கு மருந்து?” என்றீர்களாம். நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டதற்கு, இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவதுபோல, மிஸ்ஸிங் என்று பெயராம். எனக்கு வந்த கோபத்தில் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். இத்தனை வருடம் லாரிப் பட்டறையில் கிடந்தவர் பேசுகிற பேச்சா இது? சத்தம் தானாக நின்றுவிட்டது என்று சொல்லி வண்டியை எடுக்க வரும் டிரைவர்களை என்ன பாடு படுத்துவீர்கள்! தானாக நின்றது நடுவழியில் தானாகத் திரும்பும் என்று சாவியைக் கொடுக்காமல் உட்கார வைத்தவர்தானே? ஊரான் லாரிக்கு ஒரு நியாயம், உங்கள் நெஞ்சுக்கு ஒரு நியாயமா?

உங்கள் பழைய இசிஜி தாளை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்குமாம். அப்போது ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை, கால், பேச்சு எதுவும் போகலாம். இந்தக் கோளாறு வரும், போகும், ஆளுக்கே தெரியாமலும் வரும். படபடப்பு இல்லையென்றால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாதாம். அதற்காக விட்டுப்போன மாத்திரைகளையெல்லாம் சேர்த்து விழுங்கித் தொலைக்காதீர்கள். முதலில் அங்கேயுள்ள டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள்.

வாரம் முழுக்கத் தொடுவதில்லை, லீவு நாளில் மட்டும்தான் குடிக்கிறேன் என்று பீற்றிக்கொள்வீர்களே, அந்த ஒரு நாள் குடியே துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்துவிடுமாம். குறட்டையைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தால் அதுவும் இதயத்தைப் பாதிக்குமாம், பரிசோதித்தே ஆகவேண்டுமாம். வெல்டர் தம்பி பாவம், பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்கே போய்விட்டாராம். தொப்பையையும் ரத்த அழுத்தத்தையும் குறைத்தால் தொல்லை குறையும், தினமும் நடக்கச் சொல்லுங்கள் என்றார். லாரிக்கு அடியில் படுத்து எழுவதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. சின்னவளுக்கு முன்பல் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. பெரியவன் நேற்று உங்கள் செருப்பைப் போட்டுப் பார்த்தான், அளவு சரியாக இருந்தது. உங்கள் இடத்தில் அவன் நிற்பதுபோல எனக்குப் பட்டது. கழற்றுடா என்று கத்திவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தால் திட்டுவேன் என்று பயம், நியாயமான பயம்தான். சரி, பேச வேண்டாம். டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கியதும், ஒவ்வொரு நாளும் அதைப் போட்டவுடன் எனக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுங்கள். சத்தியமாக எடுக்க மாட்டேன், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். மணி அடித்து ஓய்ந்தால் போதும், நான் தூங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்களைத் திட்டுவதற்கு இன்னும் நிறைய வருடம் வேண்டுகிற
உங்கள் வீட்டுக்காரி