கவிழ்த்துப் போட்ட கல்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால் நம் சரித்திர சபையின் ஆண்டு மலரில் போடுகிறேன். மலர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யுத்தத்தால் காகிதமே கிடைப்பதில்லை. இருக்கிற சில பக்கங்களில் பாதியை உங்களுக்கு ஒதுக்கிவிட்டேன். தலைவர் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும், எனக்கு அலுத்துவிட்டது.

அக்கா சுகம். முழங்கால் வலி மட்டும் உண்டு. மேலமாசி வீதி மாடி அறை அப்படியே இருக்கிறது. கூட்டிப் பெருக்குவதும் நான்தான், காரியதரிசியும் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டுத் தேடிப் போக முன்பு ஒரு வண்டி ஆள் சேர்வோமே, இப்போது நானும் ரிட்டயரான ஹெட்மாஸ்டரும்தான். அவருக்கும் வெயில் ஒத்துக்கொள்வதில்லை. பெட்ரோல் இல்லாமல் பஸ்களைக் கரி போட்டு ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளச் சொல்கிறான். பழைய வாய்க்காலின் தடம் பார்க்க ஆனையூர்ப் பக்கம் போனோம். வாய்க்காலைப் பார்த்ததை விட பஸ்ஸைத் தள்ளியதுதான் அதிகம்.

இதெல்லாம் சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த பாதியை, மலரைப் படிக்கிறவர்களுக்காக, முதலில் சொல்லிவிடுகிறேன். தெரியாத பாதியை அதற்குப் பிறகு நீங்கள் கேளுங்கள்.

அது சில வருஷங்களுக்கு முந்திய பொங்கல் லீவு. எல்லோருக்கும் ஆபீஸ் கிடையாது என்பதால்தான் அந்த நாளைப் பிடித்தீர்கள். அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. கூட்டத்துக்குப் பயந்து வண்டியைச் சுற்றுப் பாதையில் விட்டு, வடக்கே ஒரு கண்மாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரில் ஈ காக்கை இல்லை. மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் முகம் மண்ணில் பட, குப்புறக் கிடந்தது. நீங்கள் மண்டியிட்டு அடியில் கையை விட்டுத் தடவினீர்கள். "மாப்ள, எழுத்து ஓடுதுய்யா" என்றீர்கள்.

பக்கத்து ஊரில் கிராம முன்சீப் வீட்டைத் தேடிப்போய்க் கேட்டதும் நீங்கள்தான். அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "அது கேப்பாரத்த கல்லுங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று இடது கையை ஆட்டினார். அந்தக் கண்மாய் அவர் ஊருடையதே இல்லை என்பது நமக்குத் தெரியாது. கடப்பாரை போட்டு நெம்பி, வைக்கோல் மேல் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கல்லோடு குடித்தனம் நடத்தினீர்கள் என்று அக்கா சொல்வாள். ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எத்தனை படி எடுத்திருப்பீர்கள். கையில் மண்வெட்டியோடு ஒரு ஆள், பக்கத்தில் ஒரு மடை, கீழே தேய்ந்த எழுத்து. வெள்ளத்தில் கரை உடைந்தபோது அடைக்க இறங்கிச் செத்தவன் என்று நீங்கள் வாசித்து முடித்த அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நமது அறையில் நடுநாயகமாக அதை நிறுத்தி, அடியில் உங்கள் கையெழுத்திலேயே ஒரு அட்டை எழுதி வைத்தீர்கள். 'கேட்பாரற்றுக் கிடந்து மீட்கப்பட்டது.'

இனி உங்களுக்குத் தெரியாத பாதி.

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கும் வழக்கம்போல் அறையைத் திறந்துவைத்து நீர்மோர் கொடுத்தோம். ஜனங்கள் மோருக்குத்தான் மாடி ஏறுகிறார்கள், சரித்திரத்துக்கு அல்ல என்று உங்களுக்கே தெரியும். மில் வேலைக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டான். மோரைக் குடிக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"தொடாதேப்பா" என்றேன்.

"இவரை யாருண்ணே நிமித்தி வச்சது?" என்று கேட்டான்.

அவன் பெயர் சின்னக்கருப்பன். வில்லாபுரத்தில் குடியிருக்கிறான். அந்தக் கண்மாய்க் கரைதான் அவன் ஊர். மண்வெட்டிக்காரர் அவர்கள் வம்சத்து முப்பாட்டன், குலதெய்வம். மேலவீடு, கீழவீடு என்று இரண்டு பங்காளி வீட்டாருக்கும் அவர் பொது. பங்காளிகளுக்குள் சண்டை வந்தால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கல்லைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார்களாம். சண்டை தீர்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திரும்ப நிமிர்த்திப் பொங்கல் வைப்பார்களாம்.

"அதுவரைக்கும் அவரு எங்க மூஞ்சியில முழிக்க வேணாம்னுதேன்" என்றான்.

அந்த வருஷம் கண்மாய்த் தண்ணீர் முறையில் தகராறு. மார்கழியில் கவிழ்த்திருக்கிறார்கள். தையில் நாம் போனோம். நாலு ஊரும் மாடு பார்க்கப் போயிருந்த நாளில் போய் நின்றுகொண்டு, மனுஷ நடமாட்டமே இல்லாத இடம் என்று முடிவு கட்டினோம். நம்மைத் தவிர வேறு எவனுக்கு மச்சான் இந்தப் புத்தி வரும்?

கேளுங்கள். கல் காணாமல் போனதும் மேலவீட்டார் கீழவீட்டாரைச் சொன்னார்கள். கீழவீட்டார் யோசித்துப் பார்த்தார்கள். தங்களில் அன்று ஜல்லிக்கட்டுக்கு வராத ஆள் ஒருவன்தான். சின்னக்கருப்பன் வேலை தேடி மதுரைக்கு வந்திருந்தான்.

"வண்டித் தடம் மதுரைப் பக்கம் போச்சு. நானும் மதுரைப் பக்கம் போனேன். அம்புட்டுத்தேண்ணே" என்றான்.

சாமியை விற்றவன் என்று பெயர். சொந்தச் சித்தப்பாவே ஊருக்குள் காலை வைக்காதே என்று விரட்டியிருக்கிறார். அப்பா செத்த சேதி கேட்டு ஓடியவனை எல்லையிலேயே மறித்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். இவன் கண்மாய்க்கு அந்தப் பக்கம் நின்று புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். சொல்லும்போது அவன் அழவில்லை. மோரை அப்படியே மேசையில் வைத்தான்.

"கல்லு இங்கயே இருந்தாலும் இருக்கட்டும். நான் எடுக்கலைன்னு ஊர்ல வந்து ஒரு ஆள் சொன்னாப் போதும்" என்றான். அவன் கேட்டது அவ்வளவுதான்.

கமிட்டி கூடியது. ஹெட்மாஸ்டர் கல்லைக் கொடுக்கவே கூடாது என்றார். எண்ணெயும் பாலும் ஊற்றியே மிச்ச எழுத்தையும் அழித்துவிடுவார்கள், சபைக்கென்று இருப்பது இது ஒன்றுதான் என்றார். தலைவர் வக்கீலல்லவா, நடுவழி கண்டுபிடித்தார். சத்தம் காட்டாமல் கொண்டுபோய்க் கரையில் இறக்கிவிட்டு வந்துவிடலாம், யாரும் எதுவும் பேச வேண்டாம், போனவர் பெயரில் திருட்டுப் பழி ஏறவேண்டுமா என்றார். இரண்டு பேரும் உங்கள் மேல் உள்ள பிரியத்தில்தான் பேசினார்கள். எனக்கும் அந்த நடுவழி நல்லதாகவே பட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. பேசாமல் இறக்கிவிட்டு வந்தால் ஊர் என்ன சொல்லும்? எடுத்தவன் பயந்துபோய்த் திருப்பிப் போட்டுவிட்டான் என்று சொல்லும். சின்னக்கருப்பன் தலையில் பழி இன்னும் ஆழமாக இறங்கும். உங்கள் பெயரைச் சொல்லாமல் அவன் பெயரைத் துடைக்க வழியே இல்லை.

அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது மச்சான். நீங்கள் போனதிலிருந்து துக்கம் இருந்தது, கோபம் இருந்ததில்லை. கல்லிடம் மாதக்கணக்கில் கேட்டீர்கள். ஊரில் இன்னொரு ஆளிடம் இன்னொரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மறுநாள் ஒரு நடை போய்வந்திருக்கக் கூடாதா?

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் இழுத்தேன். சொன்னபோது அவள் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"அவன் அப்பனுக்கு அவன் கொள்ளி வைக்கலையா?" என்றாள்.

"இல்லக்கா."

"வண்டி என்னைக்கு?"

நான் போய்ப் பேசிக்கொள்கிறேன், நீ அலைய வேண்டாம் என்றேன்.

"நீ போனா சபைம்ப, கமிட்டிம்ப. அங்க யாருக்கு அது வெளங்கும்? நான் வாரேன்" என்றாள்.

நீங்கள் கல்லைக் கொண்டுவந்தது போலவேதான் திரும்பப் போனது, வைக்கோல் மேல். அக்கா அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். ஹெட்மாஸ்டர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் குடையோடு வந்து ஏறினார். சின்னக்கருப்பனை ஏறச் சொன்னோம். மறுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தான். ஊர் எல்லை வந்ததும் நின்றுவிட்டான். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அவனைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டுக் கூட்டிப்போனாள்.

மடைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில், வண்டியைக் கண்டு கூடிய இரண்டு வீட்டாரும் தனித்தனியாக நின்றார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"இதை எடுத்தது எங்க வீட்டுக்காரரு. பொல்லாத ஆளில்ல. எழுத்துன்னா உசிரு. ஆனா உங்களைக் கேக்காம எடுத்தது அவருதேன். அதுக்கு என்ன பேரு வைக்கணுமோ நீங்க வச்சுக்கங்க. இந்தத் தம்பி எடுக்கல."

சித்தப்பாக்காரர், பெரிய மீசை, அக்காவைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தபடி கேட்டார். "ஏந்தாயி, இம்புட்டு வருசமா வாயத் தொறக்கலையே?"

"அவருக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அவரே வந்திருப்பாரு."

வந்திருப்பீர்களா மச்சான்? அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. வந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கிளம்புவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு படி எடுத்துக்கொள்கிறேன் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்திருப்பீர்கள்.

சித்தப்பாக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, "வாடா, வந்து ஒரு பக்கம் பிடி" என்றார். சின்னக்கருப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அவன் அழுததைப் பார்த்தேன். தூக்கிவிட்டவனும் அந்தச் சித்தப்பா மகன்தான்.

மேலவீட்டார் ஒரு பக்கம், கீழவீட்டார் ஒரு பக்கம். நான் கைகொடுக்கப் போனேன். தள்ளி நில்லுங்க என்று சொல்லிவிட்டார்கள். நிமிர்த்தப் போகிறார்கள் என்றுதான் நானும் ஹெட்மாஸ்டரும் நினைத்தோம். அவர்கள் கல்லைப் பழைய பள்ளத்துக்கு நகர்த்தி, மெதுவாகப் புரட்டி, முகத்தை மண்ணில் வைத்தார்கள்.

"ஐயோ, எழுத்தெல்லாம் மண்ணுல படுதே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தண்ணிச் சண்டை இன்னும் தீரலண்ணே" என்றான் சின்னக்கருப்பன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அது வேற, இது வேற."

அன்றே அம்பட்டரை வரவழைத்தார்கள். அப்பா செத்து இத்தனை காலம் கழித்து, மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு, கண்மாயில் மூன்று முழுக்குப் போட்டான். அவன் ஈரத் துணியோடு கரையேறும் வரை அக்கா வண்டியில் ஏறவில்லை. எனக்குக் கால் கடுத்தது. நானும் நின்றேன்.

இப்போது அறையின் நடுவில் கல் இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருக்கிறது. ஆண்டு விழா வருகிறது. அந்த இடத்துக்கு நேராகச் சுவரில் உங்கள் போட்டோவை மாட்டித் திறந்துவைக்க வேண்டும் என்று தலைவர் பிரியப்படுகிறார். ஸ்டூடியோவில் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்துவிட்டோம். நல்ல படம். உங்கள் அட்டையை எடுத்து மேசை டிராயரில் வைத்துவிட்டேன். கிழிக்க மனசு வரவில்லை, திரும்ப வைக்கவும் மனசு வரவில்லை.

அக்காதான் தடுத்துவிட்டாள். "அவங்க அந்தக் கல்லை நிமித்துற அன்னைக்கு இவரை மாட்டு. அதுக்கு முந்தி வேணாம்" என்று படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நேற்று ஒரு துண்டு எடுக்க அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு மேல் நீங்கள் குப்புறக் கிடந்தீர்கள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது மச்சான். இந்தச் சபையை இழுத்துப் பூட்டிவிட்டு நான் வேலை பார்க்கும் நூல்கடைக் கணக்கோடு நிற்கலாமா என்று பல நாள் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மடை திறக்கிற ஒவ்வொரு பருவமும் அந்த ஊருக்குப் போய், சண்டை தீர்ந்ததா என்று கேட்டுவிட்டு வருவேன். பஸ்ஸைத் தள்ளிக்கொண்டாவது போவேன். நிமிர்த்துகிற அன்று காகிதமும் மையும் கொண்டுபோக மாட்டேன். தள்ளி நின்று பார்த்துவிட்டு, நேரே அக்காவிடம் வந்து பெட்டிச் சாவியைக் கேட்பேன்.

அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்த,
மச்சினன் சோமு