பாக்கி நின்ன பெரிய கப்பு ஆட்டம்

சித்திரை 9, வெள்ளி

காலையில மழை. மரவள்ளிக்கு மண் அணைக்கிற வேலை நின்னுபோச்சு. எங்க வீட்டுக்காரவுங்க ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் ரோட்டுல செத்துட்டதாச் சேதி வந்து இன்னியோட நாலு மாசம். கஞ்சி. உப்பு இல்ல.

கணேசன் வந்தான். அவுங்களுக்கு அப்புறம் அவன்தான் தோட்டத்துப் பந்து கேப்டன். வாசல்லயே நின்னு கத்துறான். "அண்ணி! பெரிய கப்பு ஆட்டம் நடக்கப் போவுது! ஜப்பான் ராஜா பொறந்த நாளைக்கு விளையாட்டு வைக்கலாம்னு உத்தரவாம். ஆபீசு கிராணி சொல்லிட்டாரு."

கண்ணு சுவத்துப் பலகைக்குப் போச்சு. கப்பு அங்கதான். தகரம், மேல வெள்ளிப் பூச்சு. ஜெயிச்ச கேப்டன் வீட்டுலதான் இருக்கணும்.

மறக்காம எழுதி வைக்கிறேன். வருசம் பூரா ஆடி மொதல்ல வந்த தோட்டமும், தீவாளிக் கப்பு ஜெயிச்ச தோட்டமும் ஒரே ஒரு ஆட்டம். அதுக்குத்தான் பெரிய கப்பு.

மொத வருசம் – அம்பாங்கான், எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம்.
ரெண்டு – நாங்க.
மூணு – வெள்ளம். ஆட்டம் இல்ல. கப்பு எங்ககிட்டயே.
நாலு – நாங்க. அவுங்க கேப்டன். கோலும் அவுங்கதான் காத்தாங்க.
அஞ்சு – நாங்களும் அம்பாங்கானும். நாள் குறிச்சாச்சு. ஜப்பான்காரன் வந்துட்டான். ஆட்டம் பாக்கி.

"பந்து இருக்காடா?"

"தோல் இருக்கு அண்ணி. உள்ள ரப்பர் பிளாடர் மக்கிப்போச்சு. எந்தக் கடையில கிடைக்குது இப்ப?"

பந்து இல்லன்னா ஆட்டம் இல்ல. ஆட்டம் இல்லன்னா கப்பு எங்கிட்டயே. உள்ளுக்குள்ள சந்தோசம். பாவந்தான். இருக்கட்டும்.

சித்திரை 11, ஞாயிறு

வெயில். விறகுக்குப் போற வழியில திடல். துணிப்பந்து வெச்சு ஆடுறானுங்க. எலும்பும் தோலுமா பதினோரு பேரு. கணேசன் ஓங்கி ஒரு உதை. பந்து அவுந்து பாதி இங்க, பாதி அங்க. கோல் காக்கிற துரைசாமி ஒரு துணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "புடிச்சிட்டேன்லா!"

"டேய், அது என் கைலிடா, கிழிச்சிராத!" இன்னொருத்தன் கத்துறான்.

சிரிச்சிட்டேன். சத்தமா. எத்தனை மாசமாச்சு.

பக்கத்து வீட்டு அஞ்சலை பாத்துட்டா. "தாலி அறுத்தவளுக்குத் திடல்ல என்ன சிரிப்பு?" ஆத்துல இறங்கி ஒரு கூடை களிமண் அள்ளுனேன். ரப்பர் தோட்டத்துல பந்துக்கு ரப்பர் இல்லையாம். வெக்கக்கேடு.

பிளாடருக்குச் செய்யவேண்டியது:
களிமண் உருண்டை. கழுத்து வெக்கணும். காயணும்.
மேல ரப்பர் மரத்துப்பால். புகை. மறுபடி பால். பத்து தடவை.
தண்ணியில ஊறப்போட்டு மண்ணைக் கழுத்து வழியாக் கரைச்சு எடுக்கணும்.

சித்திரை 14, புதன்

ஊதுனேன். டமார். அஞ்சலை கோழி மூணு வீடு தாண்டி ஓடிப்போச்சு. திட்டுறா. திட்டட்டும்.

ரெண்டாவது புகையில தொங்குது. இதுக்குப் பன்னெண்டு பூச்சு.

சித்திரை 16, வெள்ளி

காத்து நிக்குது! தோலுக்குள்ள திணிச்சு, ஊதி, இறுக்கிக் கட்டித் தரையில போட்டேன். இடுப்பு ஒசரம் எழும்புச்சு. மறுபடி போட்டேன். மறுபடி எழும்புச்சு! கஞ்சி அடிபுடிச்சுப் போச்சு.

கணேசன் மோந்து பாக்குறான். "கருவாட்டு வாசன அண்ணி."

"தின்னுடாதடா."

"நாளைக்கு நீங்க திடலுக்கு வரணும். காத்து எறங்குனா யாரு பாக்குறது?"

"வருசம் திரும்பல. எப்படிடா வர்றது?"

"பந்துக்காரியா வாங்க."

கப்பை அடுப்புச் சாம்பல் போட்டு வெளக்குனேன். கடைசித் தடவையோ என்னமோ.

சித்திரை 17, சனி

விளக்கு அணையறதுக்குள்ள எழுதிடணும்.

ஜப்பான் மணி அஞ்சரைக்கு ஆட்டம். நம்ம பழைய மணி நாலு. சனமோ சனம். மம்பாவ் ஊர்ல இருந்துகூட நடந்து வந்திருக்காங்க. மொதல்ல ஜப்பான் கொடிக்குக் குனிஞ்சு கும்பிடு, அப்புறம் ஊதல்.

மொத கோல் அம்பாங்கான். அப்புறம் கணேசன். மறுபடி கணேசன்! அஞ்சலை என் கையப் புடிச்சிக்கிட்டுக் குதிக்கிறா. கோழிச் சண்டைக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல. பாதியில காத்து எறங்குச்சு, ஊதிக் கொடுத்தேன். அப்புறம் அம்பாங்கான் ஒண்ணு. ரெண்டுக்கு ரெண்டு. தொண்டை கட்டிப்போச்சு.

கடைசியில அம்பாங்கான் கேப்டன் சன்னாசி. கோல் முன்னால தனியா நின்னான். வந்த பந்தைத் தரையில விழவே விடல, காத்துலயே அடிச்சான். யப்பா! துரைசாமி தலைக்கு மேல என்னா வேகம்! நான் செஞ்சது! கை தட்டிட்டேன். எதிராளி கோல்னு அப்புறந்தான் உறைச்சுது. எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

மூணு – ரெண்டு. தோத்தாச்சு.

சித்திரை 18, ஞாயிறு

மப்பு. மழை இல்ல.

கப்பு வெச்சிருந்த வீட்டுக்காரங்கதான் தோட்டத்து எல்லை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கணும். அது வழக்கம். கணேசன், "நான் தூக்கிட்டுப் போறேன், நீங்க இருங்க" ன்னான். விடல.

எல்லைப் பாலத்துல சன்னாசி ரெண்டு கையும் நீட்டுனான். கொடுத்தேன். வெரலு விடல. அவன் இழுக்கல, நின்னான். "அண்ணன் இருந்திருந்தா அந்தப் பந்தப் புடிச்சிருப்பாருக்கா" ன்னான் மெதுவா. அப்புறம் நானே விட்டேன்.

திரும்பி நடந்தோம். கணேசன் என் மொகத்தையே பாத்துக்கிட்டு வர்றான்.

"அழுவுறீங்களா அண்ணி?"

"அந்த மூணாவது கோல் ஆப்சைட்டுடா" ன்னேன்.