பீடத்தில் அம்மா படம்

ஃப்ரெஸ்னோ
செப்டம்பர் 14

என் செல்லம் நெரெய்தாவுக்கு,

போனை ஒட்டுக்கேட்கிறார்களாம், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுச் சாயோ தன் போனில் உன் நகைச்சுவை நிகழ்ச்சியைக் காட்டினாள். யாரோ கதவைத் தட்ட, குடியேற்றப் போலீஸ், அந்த மிக்ராக்காரர்கள், பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று நான் குளியல் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு, "வீட்ல யாரும் இல்ல!" என்று கத்தியதை மேடையில் சொல்கிறாய். தட்டியவள் தமாலே பலகாரம் விற்கிறவள்! மாதா கோயில் வாசலே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்து, கதவைத் தாழ்போட்டேன். என் பெயரையும் நான் பழம் பொறுக்கும் ஷெட்டையும் ஏனடி சொன்னாய்? குடியேற்றக் காகிதம் இல்லாதவள் என்று ஊருக்கே தமுக்கடித்துவிட்டாயே. அந்த ஜோக்கை விட்டுவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் அம்மா
ரூஃபினா

லாஸ் ஏஞ்சல்ஸ்
செப்டம்பர் 29

அன்புள்ள அம்மா,

இத்தனை வருடம் மதுக்கடைகளில் குடிகாரர்களைச் சிரிக்க வைத்த எனக்கு, டி.வி. வாய்ப்பு வாங்கிக் கொடுத்ததே அந்த ஜோக்தான். நவம்பரில் படம்பிடிக்கிறார்கள். பெயரையும் ஷெட்டையும் எடுத்துவிட்டேன்.

நேற்று நிகழ்ச்சியின் நடுவே தொப்பி போட்ட ஒருவன் எழுந்து, "உங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டான். மிக்ரா ஆளோ என்று பட்டது. "செத்துட்டாங்க" என்றேன். கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. இனி எல்லா மேடையிலும் அப்படியே சொல்லப்போகிறேன். செத்தவளை யாரும் தேட மாட்டார்களே, அம்மா. கோபித்துக்கொள்ளாதே.

நெரெய்தா

ஃப்ரெஸ்னோ
அக்டோபர் 18

மகளே,

நீ என்னைக் கொன்றதில் எனக்குக் கோபமில்லை. நல்ல யோசனைதான். ஆனால் உன் அரங்கத்துக்காரர்கள் செய்திருப்பதைப் பார்த்தாயா? இறந்தவர்கள் நாளுக்காக வாசலில் செத்தவர்களுக்குப் படையல் வைக்கப் போட்ட பீடத்தில் என் படம்! சாமந்திப்பூ, ரொட்டி, மெழுகுவர்த்தி வேறு. சாயோ அதைப் போனில் காட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உயிரோடு இருக்கிறவள் படத்தைப் பீடத்தில் வைத்தால் அந்த வருடமே சாவு வந்து கூட்டிப்போகும் என்று உனக்கு நான் சொல்லித் தரவில்லையா? அன்றிலிருந்து விளக்கை அணைக்காமல்தான் படுக்கிறேன். சோறு இறங்கவில்லை. சீக்கிரம் எடுத்துவிடு.

அம்மா

லாஸ் ஏஞ்சல்ஸ்
அக்டோபர் 23

அம்மா,

எடுக்கத்தான் போனேன். கையில் எடுத்தும் விட்டேன். பின்னாலிருந்து, "ஏன் எடுக்கறீங்க?" என்று ஒரு குரல். அதே தொப்பிக்காரன். "தூசி தட்டறேன்" என்று சொல்லி, திரும்ப வைத்து, மண்டியிட்டு அழுதேன். பயத்தில் வந்த அழுகை. அவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாய். அவன் வெறும் ரசிகனாகவே இருக்கலாம். யாரென்று தெரியாமல் நான் செத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல், படத்தை எடுத்துவிடுகிறேன். டி.வி.யும் வேண்டாம், உன்னிடமே வந்துவிடுகிறேன்.

நெரெய்தா

ஃப்ரெஸ்னோ
அக்டோபர் 28

என் கண்ணே,

படம் அங்கேயே இருக்கட்டும். நம் ஊர்க் கதைகளில் சாவும் ஒரு பெண்பிள்ளைதான். வந்தால் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நாலு வார்த்தை பேசிச் சமாளித்துக்கொள்வேன். தொப்பிக்காரர்களிடம் நான் என்ன பேசுவேன்?

டி.வி.யில் நன்றாகச் சிரிக்க வை. தொட்டிக்குள் நான் செருப்போடு படுத்திருந்ததை நீ சொல்லவே இல்லையே, அதையும் சேர்த்துக்கொள்.

நாளை இந்த வீட்டைக் காலி செய்கிறேன். எங்கே என்று எழுத மாட்டேன், நீயும் சாயோவைக் கேட்காதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்தவளைப் பார்க்க மகள் வந்து போனால் ஊர் சும்மா இருக்குமா? வராதே, கடிதமும் போடாதே. பீடத்துக்கு மட்டும் வருடா வருடம் பூ வை.

அம்மா