சுவரில் நின்ற கோடு

தம்பிக்கு,

மலையடிவாரத்தில் ஆற்றுமட்டம் பார்க்கிற உன் குரலை ஆறு வருஷம் கழித்துக் கேட்டேன். “அக்கா, இங்க அளவுகோலே முழுகிடுச்சு. நாலு நாள்ல அந்தத் தண்ணி உங்க தெருவுக்கு வந்துடும். மாடி பத்தாது, மேட்டுக்குப் போயிடு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

இங்கே வெயில் கொளுத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். பேசவே மாட்டேன் என்ற நீ சும்மாவா பேசுவாய்? அவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாடு இவ்வளவு நீளம் என்பதை உன்னைப் பார்க்க வராததற்குச் சாக்காக வைத்திருந்தேன். அந்த நீளம்தான் எங்களுக்கு நாலு நாள் கொடுத்தது.

பிள்ளைகள் சௌக்கியம்.

மாடிக் கூடத்துச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு என் தலைக்கு மேலே இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அளக்கிற ஆள் நீதானே, வந்து அளந்துவிட்டுப் போ.

உன் அக்கா